பால்வினை நோய்களுக்கு மூலிகைச் சோதனை: எந்த நோயில், எந்த வழியில்?

ஒரு மூலிகைக்குப் பால்வினை நோயைத் தீர்க்கும் குணம் உண்டு என்று தலைமுறைகளாகச் சொல்லப்பட்டு வருகிறது. அதை முறையாகச் சோதித்துப் பார்க்க ஓர் ஆய்வுக் குழு விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குழுவின் முன் பல வழிகள் உண்டு. ஆய்வகத்தில் கிருமியின் மீது சாற்றை ஊற்றிப் பார்க்கலாம். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூலிகையும் மறு பிரிவுக்கு வழக்கமான மருந்தும் தரலாம். வழக்கமான மருந்தோடு மூலிகையைச் சேர்த்துத் தரலாம். வைத்தியரிடம் ஏற்கெனவே மருந்து உண்பவர்களைப் பின்தொடர்ந்து பதிவு செய்யலாம். எந்தச் செடி என்ற கேள்வியில்தான் பெரும்பாலான குழுக்கள் மாதக்கணக்கில் உழல்கின்றன. என் கருத்தில் செடி மூன்றாவது கேள்வி. எந்த நோய் என்பது முதற்கேள்வி, எந்த வழி என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் தவறாக முடிவு செய்துவிட்டால், மிக நல்ல செடியும் பயனற்றதாகத் தோன்றும். ஒன்றுக்கும் உதவாத செடி அருமருந்தாகத் தோன்றும்.

இரண்டாவது ஆபத்தே பெரியது. அதற்குக் காரணம் இந்த நோய்களின் இயல்பிலேயே இருக்கிறது. சிபிலிஸ் நோயின் முதற்புண் தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் தோன்றும், வலி இருக்காது, எந்த மருந்தும் தராமலே மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் தானாக ஆறிவிடும். அந்த இடைவெளியில் எந்தக் கஷாயத்தைக் குடித்திருந்தாலும் அந்தக் கஷாயமே புண்ணை ஆற்றியது என்று நோயாளியும் நம்புவார், கொடுத்தவரும் நம்புவார். இருவரும் பொய் சொல்லவில்லை. பிறகு வரும் தோல் தடிப்பும் அவ்வாறே மறையும். கிருமியோ உடலுக்குள் ஆண்டுக்கணக்கில் தங்கி, இதயத்தின் பெருந்தமனியையும் மூளையையும் தாக்கக் காத்திருக்கும். நார்வேயின் ஆஸ்லோ நகரில் 1890-ஆம் ஆண்டு முதல் 1910 வரை, பாதரச மருத்துவம் நன்மையை விடத் தீமையே அதிகம் செய்கிறது என்று கருதிய போயக் என்ற மருத்துவர், ஏறத்தாழ இரண்டாயிரம் சிபிலிஸ் நோயாளிகளுக்கு அந்த மருத்துவத்தைத் தராமல் மருத்துவமனையில் வைத்துப் பராமரித்தார். பிற்காலத்தில் அவர்களின் வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, மூன்றில் ஒரு பங்கை ஒட்டியவர்களுக்கே நோயின் கடைக்கட்டப் பாதிப்புகள் வந்திருந்தன. மருந்தே இல்லாத நிலையில் மூவரில் இருவர் வெளிப்பார்வைக்கு நலமாக இருப்பார்கள் என்றால், பயனற்ற மூலிகை ஒன்றுக்கும் மூன்றில் இரண்டு பங்கு வெற்றி கைமேல் கிடைத்துவிடும்.

வரலாற்றில் இது நடந்தும் இருக்கிறது. கரீபியத் தீவுகளின் குவாயக்கம் மரக்கட்டையைக் காய்ச்சிக் குடித்துச் சிபிலிஸ் நீங்கியதாக ஜெர்மானிய அறிஞர் உல்ரிச் ஃபொன் ஹூட்டன் 1519-இல் ஒரு நூலே எழுதினார். அந்நூல் பரவிய வேகத்தில் அந்தக் கட்டை ஐரோப்பா முழுவதும் பெருவணிகம் ஆனது. நான்கே ஆண்டுகளில், 1523-இல், தம் 35-ஆவது வயதில், தாம் தீர்ந்துவிட்டதாக எழுதிய அதே நோயால் அவர் இறந்தார். வால்மிளகும் சந்தன எண்ணெயும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொனோரியாவுக்கு ஐரோப்பிய மருத்துவர்களே எழுதிக்கொடுத்த மருந்துகள். அவற்றால் சிறுநீர் எரிச்சலும் ஒழுக்கும் தணிந்ததாகக் குறித்து வைத்தார்கள். ஆனால் ஆண்களுக்கு வரும் கொனோரியாவின் அறிகுறிகள் சிகிச்சை இல்லாமலே சில வாரங்களில் தணியத் தொடங்கும் என்பதையும், அறிகுறி நின்ற பின்னும் கிருமி பிறருக்குத் தொற்றும் என்பதையும் அதனோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

பழைய நோய்ப்பெயர்கள் இன்னொரு சிக்கல். சித்த மருத்துவத்தில் வழங்கும் வெட்டை, மேகம், கிரந்தி என்ற சொற்களை இன்றைய நோய்ப்பெயர்களோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருத்திப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. வெட்டை என்பது வெள்ளை ஒழுக்கு, சிறுநீர் எரிச்சல், உடல் உலர்வு ஆகியவற்றை ஒருசேரச் சுட்டும் சொல். அந்த ஒழுக்குக்குக் காரணம் கொனோரியாவாக இருக்கலாம், கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், டிரைக்கோமோனாஸ் என்ற ஒருசெல் உயிரியாக இருக்கலாம், பால்வினைத் தொற்றே அல்லாத பூஞ்சையாகவும் இருக்கலாம். நான்கும் நான்கு வேறு வகை உயிரிகள். ஒன்றைக் கொல்வது மற்றொன்றைத் தொடக்கூட வேண்டியதில்லை. ஆகவே ‘வெட்டைக்கு நல்லது’ என்ற மரபுக் குறிப்பை மதிப்புள்ள துப்பாக எடுத்துக்கொள்ளலாம். நோய் நிர்ணயமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நோயைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, குணப்படுத்தக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் ஓர் ஆண்டில் 37 கோடிக்கும் மேல் புதிதாக ஏற்படுகின்றன: டிரைக்கோமோனாஸ் 15.6 கோடி, கிளமிடியா 12.9 கோடி, கொனோரியா 8.2 கோடி, சிபிலிஸ் 71 லட்சம். எண்ணிக்கை பெரிதாக இருப்பதாலேயே ஒரு நோய் மூலிகைச் சோதனைக்கு ஏற்றதாகிவிடாது. நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்: இந்த நோய்க்கு உறுதியாகத் தீர்க்கும் மருந்து ஏற்கெனவே இருக்கிறதா?

சிபிலிஸுக்கு இருக்கிறது. 1943-இல் மஹோனி என்ற அமெரிக்க மருத்துவர் நான்கு நோயாளிகளுக்குப் பென்சிலின் கொடுத்ததிலிருந்து இன்றுவரை, அந்தக் கிருமி பென்சிலினுக்கு எதிர்ப்புத் திறன் பெற்றதாக நிறுவப்படவில்லை. தொடக்க நிலை நோய்க்கு 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பென்சிலின், ஒரே ஊசி, போதும். இத்தனை எளிதான தீர்வு இருக்கும் நோயில் மூலிகையைத் தனித்துக் கொடுத்துச் சோதிக்க எந்த நியாயமும் கிடையாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரில், சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு 1932 முதல் 1972 வரை, பென்சிலின் கைக்கு வந்த பிறகும் அதைத் தராமல் நோயின் போக்கை வேடிக்கை பார்த்தார்கள். நல்ல நோக்கத்தோடு தொடங்கும் மூலிகைச் சோதனையும் பென்சிலினைத் தள்ளிப்போட்டால் அந்த வரிசையில்தான் போய் நிற்கும். ஆய்வக வழியிலும் இந்த நோய் கைகொடுப்பதில்லை. 2018 வரை அந்தக் கிருமியை ஆய்வகத்தில் நீண்டநாள் வளர்க்கவே முடியவில்லை. முயல்களின் விந்தகத்தில்தான் உயிரோடு வைத்திருந்தார்கள். எனவே சிபிலிஸைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவதே சரி.

எச்.ஐ.வி.க்கும் அதே முடிவுதான், இன்னும் அழுத்தமாக. கூட்டு மருந்துகள் வைரஸை முற்றிலும் அகற்றுவதில்லை என்றாலும், அவற்றை ஒழுங்காக உண்பவர் ஏறத்தாழ முழு ஆயுளும் வாழ்கிறார். 2007-இல் காம்பியா நாட்டு அதிபர் யாஹ்யா ஜம்மே, தாம் மூலிகையால் எய்ட்ஸைக் குணப்படுத்துவதாக அறிவித்து, நோயாளிகள் கூட்டு மருந்தை நிறுத்த வேண்டும் என்றார். மூலிகையை மருந்துக்கு மாற்றாக நிறுத்துவதன் விலை என்ன என்பதை அந்த நோயாளிகள் தம் உடலால் அறிந்தார்கள்.

கொனோரியாவின் கதை வேறு. 1879-இல் ஆல்பர்ட் நைஸர் இனங்கண்ட இந்தக் கிருமி, தன்மேல் ஏவப்பட்ட ஒவ்வொரு மருந்தையும் வரிசையாகத் தோற்கடித்து வந்திருக்கிறது. சல்ஃபா மருந்துகள் 1940-களிலேயே பலமிழந்தன. பென்சிலினைச் சிதைக்கும் நொதியைச் சுரக்கும் வகை 1976-இல் வெளிப்பட்டது. ஃபுளோரோகுயினலோன் வகை மருந்துகளை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2007-இல் கைவிட்டது. இன்றைய முதன்மை மருந்தான செஃப்ட்ரியாக்ஸோனுக்கு உயர்ந்த எதிர்ப்புக் காட்டிய வகை 2009-இல் ஜப்பானின் கியோத்தோவில் ஒருவரின் தொண்டையிலிருந்து எடுக்கப்பட்டது. புதிய மூலக்கூறுகளுக்கு இங்கே உண்மையான தேவை இருக்கிறது. அதே வேளை, செஃப்ட்ரியாக்ஸோன் ஊசி இன்றும் பெரும்பாலானவர்களைக் குணப்படுத்துகிறது. தேவை இருக்கிறது, ஆனால் நோயாளியின் உடலில் சோதிக்க இடம் குறுகியது. இப்படிப்பட்ட நோய்க்கு ஆய்வகமே உரிய களம்.

ஆய்வக வழி மலிவானது, விரைவானது, யாருக்கும் தீங்கு செய்யாதது. அதன் பலவீனத்தைக் கிருமி வளர்க்கும் ஒரு தட்டின் அருகில் நின்று பார்த்தால்தான் புரியும். கொனோரியா கிருமி செல்லம் கொடுத்து வளர்க்க வேண்டிய ஒன்று. சூடாக்கிய இரத்தம் கலந்த பழுப்பு நிறச் சாக்லெட் அகார் என்ற வளர்ப்பு ஊடகம், ஐந்து விழுக்காடு கரியமில வாயு, உடல் வெப்பம் ஆகியவை அமைந்தால்தான் வளரும். சற்று உலர்ந்தாலும் குளிர்ந்தாலும் மடிந்துவிடும். அந்தத் தட்டின் மேல் மூலிகைச் சாறு தோய்ந்த வட்டத்தாளை வைத்து மறுநாள் பார்க்கிறோம். தாளைச் சுற்றி வளர்ச்சியற்ற வளையம் தெரிகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் சாற்றைக் கரைக்கப் பயன்படுத்திய சாராயமோ டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானோ மட்டும் தோய்த்த தாள் அதே தட்டில் இருந்ததா? பட்டைச் சாறுகளில் மிகுந்திருக்கும் டானின், புரதங்களைத் திரளச் செய்வது; ஊடகத்தில் உள்ள ஊட்டத்தைத் திரள வைத்து, கிருமியைப் பட்டினி போட்டுக்கூட அது வளையத்தை உண்டாக்கும். சாற்றின் பழுப்புக் கறை ஊடகத்தின் பழுப்போடு கலந்து விளிம்பை மறைப்பதால், ஒரே வளையத்தை இருவர் அளந்தால் இரு அளவு வருவதும் உண்டு. மாறாக, எண்ணெய்ப் பசையுள்ள நல்ல மூலக்கூறு அகாரில் ஊடுருவிப் பரவ இயலாமல் வளையமே காட்டாமல் போகலாம்.

ஆகவே வளையத்தை விட்டுவிட்டு, வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவை மில்லிலிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று கணக்கிடும் முறையையே நான் பரிந்துரைப்பேன். அந்த எண்ணை நேர்மையோடு படிக்கவும் வேண்டும். செஃப்ட்ரியாக்ஸோனுக்குக் கிருமி அடங்கும் என்று கொள்ள ஐரோப்பிய அளவுகோல் வைத்திருக்கும் எல்லை மில்லிலிட்டருக்கு 0.125 மைக்ரோகிராம். ஒரு மூலிகைச் சாறு 1,000 மைக்ரோகிராமில் கிருமியைத் தடுத்தது என்றால் அது எட்டாயிரம் மடங்கு. பல மூலக்கூறுகளின் கலவையை ஒரு தூய மருந்தோடு அப்படியே ஒப்பிடக் கூடாது என்பது உண்மைதான். ஆனாலும் அத்தனை அடர்த்தி வாய்வழியாகக் குடிக்கும் எந்தக் கஷாயத்தாலும் இரத்தத்தில் ஏறாது. நூறு மைக்ரோகிராமுக்குக் கீழே செயல்பட்டால் மட்டுமே அடுத்த படிக்கு நகர்வது என்று குழு முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளட்டும். மனித உயிரணுக்களை அந்தச் சாறு எந்த அளவில் கொல்கிறது என்பதையும் அதே வாரத்தில் பார்க்க வேண்டும். கிளமிடியாவுக்கு இது இன்னும் இன்றியமையாதது. அது உயிரணுவுக்குள் மட்டுமே பெருகுவது. சாறு உயிரணுவையே கொன்றுவிட்டால் கிருமி குறைந்ததாகவே கணக்கில் விழும்.

டிரைக்கோமோனாஸைப் பலர் கண்டுகொள்வதில்லை. ஆய்வக வழிக்கு எனக்கு மிகவும் பிடித்தது இதுவே. எண்ணிக்கையில் முதலிடத்தில் இருக்கிறது. சிகிச்சைக்கு மெட்ரோனிடசோலும் அதன் உறவினர்களுமான ஒரே மருந்துக் குடும்பத்தையே நம்பியிருக்கிறோம். அந்தக் குடும்பம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், அதற்கு எதிர்ப்புள்ள கிருமியைச் சுமப்பவர்களுக்கும் நல்ல மாற்று இல்லை. திரவ ஊடகத்தில் வளரும். சாட்டை போன்ற இழைகளால் துடித்துத் துடித்து நீந்துவதைச் சாதாரண நுண்ணோக்கியில் பார்க்கலாம். துடிப்பு நின்றதா இல்லையா என்று எண்ணலாம். ஒரு எச்சரிக்கை மட்டும் தேவை. இது யோனிக்குள் இருக்கும் தொற்று என்பதால் மேலே தடவும் மூலிகைக் களிம்பு போதும் என்று நினைக்கத் தோன்றும். இந்த உயிரி சிறுநீர்க் குழாயிலும் அருகிலுள்ள சுரப்பிகளிலும் ஒளிந்திருக்கும். மெட்ரோனிடசோல் களிம்பே அங்கு எட்டாததால்தான் மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். மூலிகைக் களிம்புக்கும் அதே தடை உண்டு.

இரண்டாவது வழி, மூலிகையையும் வழக்கமான மருந்தையும் நேருக்கு நேர் நிறுத்துவது. கேட்பதற்கு இதுவே நேர்மையான போட்டியாகத் தோன்றும். ஸோலிஃப்ளோடசின் என்ற புதிய கொனோரியா மருந்து இந்த வழியில்தான் சோதிக்கப்பட்டது. ஐந்து நாடுகளில் 930 பேர். 2023-இல் வெளிவந்த முடிவில் பழைய கூட்டுச் சிகிச்சை 96.2 விழுக்காட்டினரையும், புதியது 90.9 விழுக்காட்டினரையும் குணப்படுத்தியிருந்தது. முன்கூட்டியே வகுத்த வரம்புக்குள் அந்த வேறுபாடு அடங்கியதால் புதிய மருந்து பழையதற்குக் குறைந்ததல்ல என்று ஏற்கப்பட்டது. ஆய்வகத்திலும் விலங்குகளிலும் முந்தைய மனிதச் சோதனைகளிலும் பல ஆண்டுகள் புடம்போடப்பட்ட ஒரு தூய மூலக்கூறு, இத்தனை பேரை வைத்து, இந்த அளவுக்கே நெருங்க முடிந்தது. முன்சோதனை எதுவும் இல்லாத ஒரு சாற்றை அந்த இடத்தில் நிறுத்தினால், மூலிகைப் பிரிவில் இருப்பவர்களில் பலர் குணமாகாமல் தங்கள் துணைவருக்குத் தொற்றைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். பெண்களுக்குக் கருக்குழாய் அழற்சியும் மலட்டுத்தன்மையும் நேரலாம். இந்த வழி கடைசிப் படி. அதை முதற்படியாக முன்மொழியும் எந்தத் திட்டத்தையும் நெறிமுறைக் குழு திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்றாவதாக, வழக்கமான மருந்தோடு மூலிகையைச் சேர்த்துக் கொடுக்கும் வழியைப் பாதுகாப்பானது என்று பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். யாரும் சிகிச்சை இழப்பதில்லை என்ற வகையில் அது உண்மை. ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேரை வழக்கமான சிகிச்சையே குணப்படுத்திவிடும்போது மூலிகை தன் திறத்தைக் காட்ட எஞ்சியிருப்பது நான்கு பேர்தான். ஆயிரக்கணக்கானவர்களைச் சேர்த்தால் அன்றி அந்த நால்வரில் எந்த வேறுபாடும் புலப்படாது. அறுபது பேரை வைத்துச் செய்துவிட்டு இரு பிரிவும் சமமாகக் குணமடைந்தன, ஆகவே மூலிகையும் நல்லது என்று எழுதுவது தவறான தர்க்கம். மருந்தின் வேலையை மூலிகை கெடுக்கவும் கூடும். மனச்சோர்வுக்கு உண்ணப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, எச்.ஐ.வி. மருந்தான இண்டினவிர் இரத்தத்தில் இருக்கும் அளவைப் பாதிக்கும் மேல், அதாவது 57 விழுக்காடு, குறைத்துவிடுகிறது என்று 2000-ஆம் ஆண்டில் எட்டு நலமான தன்னார்வலர்களிடம் செய்த சிறு ஆய்வு காட்டியது. கல்லீரல் நொதிகளைத் தூண்டி, மருந்தை விரைந்து சிதைக்கச் செய்ததே காரணம். ஆகவே சேர்த்துக் கொடுக்கும் வழியை எடுப்பவர்கள் மருந்தின் இரத்த அளவை அளக்கும் ஏற்பாட்டையும் செய்தாக வேண்டும்.

இத்தனை தடைகளைக் கடந்து பால்வினை நோய் ஒன்றுக்கு மூலிகை வழியாக ஒழுங்கான மருந்து வந்திருக்கிறதா என்றால், வந்திருக்கிறது, ஒன்றல்ல, இரண்டு. இரண்டும் ஒரே நோய்க்கு, பாப்பிலோமா வைரஸால் பிறப்புறுப்பில் வரும் மருக்களுக்கு. போடோஃபில்லம் என்ற செடியின் வேர்ப்பிசினை மருவின் மேல் தடவும் முறையைக் கப்லான் என்ற மருத்துவர் 1942-இல் எழுதினார். பிசின் வேலை செய்தது. ஆனால் ஒவ்வொரு தொகுதியிலும் அதன் வலிமை மாறியது, பரந்த இடத்தில் பூசியவர்களுக்கு நரம்புப் பாதிப்பும் மயக்கமும் உயிரிழப்பும்கூட நேர்ந்தன, கருவுற்றவர்களுக்கு அது ஆகாது. பிறகு அதிலிருந்து போடோஃபில்லோடாக்ஸின் என்ற ஒரே பொருளைப் பிரித்து, அரை விழுக்காடு கரைசலாக்கி, மூன்று நாள் பூசி நான்கு நாள் விடும் கணக்கோடு நோயாளியின் கையிலேயே கொடுக்க முடிந்தது. இரண்டாவது, பச்சைத் தேயிலையின் கேட்டகின்கள் என்ற வேதிப்பொருட்களைக் கொண்ட 15 விழுக்காடு களிம்பு. ஒற்றைப் பொருளாகப் பிரிக்காமல், கலவையாகவே, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தாவர மருந்து வழிகாட்டுதலின் கீழ் 2006-இல் ஒப்புதல் பெற்ற முதல் மருந்து அது.

அந்தத் தேயிலைக் களிம்பின் எண்களை மூலிகை ஆய்வில் இறங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். களிம்பு பூசியவர்களில் 53.6 விழுக்காட்டினருக்கு மருக்கள் முற்றிலும் மறைந்தன. மருந்தில்லாத வெறும் களிம்பை, அதாவது மருந்துப்போலியை, பூசியவர்களில் 35.3 விழுக்காட்டினருக்கும் மறைந்தன. வெறும் களிம்புப் பிரிவு இல்லாமல் அந்த ஆய்வு நடந்திருந்தால் பாதிக்கும் மேற்பட்டோரைக் குணப்படுத்தும் மருந்து என்று விளம்பரம் வந்திருக்கும். இருந்ததால், மூலிகையின் சொந்தப் பங்கு பதினெட்டு விழுக்காட்டுப் புள்ளிகள் என்று தெளிவாகத் தெரிகிறது. அது சிறியதன்று, பெரியதுமன்று, உண்மையானது. மருக்கள் இதற்கு வாய்ப்பான நோயாக இருப்பதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. அவை கண்ணுக்குத் தெரியும், எண்ணலாம், படம் எடுத்து வைக்கலாம். மருந்தை அந்த இடத்திலேயே பூசலாம். பதினாறு வாரம் மருந்துப்போலியைப் பூசுவதால் நோயாளிக்குப் பெரிய கேடு வராது. வைரஸை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் கிடையாது என்பதால் யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை.

பிறப்புறுப்பு ஹெர்ப்பீஸும் இந்த வகைக்கு நெருங்கியதே. அசைக்ளோவிர் அதை அடக்குகிறது, அகற்றுவதில்லை. ஆனால் மீண்டும் மீண்டும் வரும் புண் பத்து நாளுக்குள் தானே ஆறிவிடுவதால், ஒரு புண் ஆறிய வேகத்தை மட்டும் பார்த்தால் சிபிலிஸ் புண்ணில் விழுந்த அதே குழியில் விழுவோம். ஒரே நபர் சில மாதம் மூலிகையும் சில மாதம் மருந்துப்போலியும் எடுத்துக்கொள்ள, எது எப்போது என்பது அவருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வைத்து, புண் வந்த நாட்களையும், புண் இல்லாத நாட்களில் வைரஸ் வெளியேறுகிறதா என்பதையும் துடைப்புப் பஞ்சு மாதிரிகளைக் கொண்டு கணக்கிடுவதே பொருத்தமான அமைப்பு.

தொற்று வராமல் தடுக்க யோனிக்குள் வைக்கும் களிம்பு என்ற எண்ணமும் மூலிகை ஆர்வலர்களிடம் அடிக்கடி எழுகிறது. இதில் இரண்டு முன்கதைகள் உண்டு. விந்தணுக்கொல்லியான நோனாக்ஸினால்-9 ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைக் கொன்றது, பெண்களிடம் சோதித்து 2000-இல் முடிவு வெளியானபோது, அதைப் பயன்படுத்தியவர்களிடமே தொற்று கூடுதலாக இருந்தது, ஏனெனில் அந்தச் சலவைப்பொருள் யோனியின் மென்படலத்தையே புண்ணாக்கியது. பூந்திக்கொட்டை போல நுரைக்கும் சாப்போனின் நிறைந்த செடிகள் கிருமியின் சவ்வை உடைப்பதும் ஏறத்தாழ அதே வகையில்தான். கடற்பாசியிலிருந்து எடுத்த காரகீனன் களிம்பைத் தென்னாப்பிரிக்காவில் 6,202 பெண்களிடம் சோதித்தார்கள். 2008-இல் வந்த முடிவு, அது தீங்கற்றது, ஆனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கவில்லை என்பது. களிம்பு வழியை நாடுபவர்கள் கிருமி சாகிறதா என்று பார்ப்பதற்கு முன்பே மென்படலம் பிழைக்கிறதா என்று பார்க்கட்டும்.

வைத்தியரிடம் மருந்து உண்பவர்களைப் பின்தொடரும் வழியை ஆய்வாளர்கள் தரம் குறைந்த சான்று என்று ஒதுக்குகிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அது எதை நிறுவ இயலும் என்பதில் மட்டும் தெளிவு வேண்டும். மருந்து வேலை செய்கிறது என்று அது நிறுவாது. வைத்தியர் எதை வெட்டை என்கிறார், அவரிடம் வருபவர்களில் எத்தனை பேருக்கு எந்தக் கிருமி இருக்கிறது, எந்தப் பாகத்தை எப்படிக் காய்ச்சி எத்தனை நாள் தருகிறார் என்பதை அது காட்டும். இவை தெரியாமல் ஆய்வகத்தில் மெத்தனாலில் ஊறவைத்த இலையைச் சோதித்து, வைத்தியர் வேரை நீரில் காய்ச்சிக் கொடுத்த மருந்து பொய் என்று முடிவு கட்டுவது அவருக்கும் செடிக்கும் செய்யும் அநீதி. முதல் நாளே துடைப்புப் பஞ்சும் இரத்தமும் எடுக்கப்பட வேண்டும். தீர்க்கத்தக்க தொற்று என்று முடிவு வந்தால் அன்றே அதற்கான மருந்தும் தரப்பட வேண்டும், துணைவருக்கும் சேர்த்து. துணைவரை விட்டுவிட்டால் மறுதொற்று மருந்தின் தோல்வியாகப் பதிவாகிவிடும். குணமானதைச் சரிபார்க்கும் நாளும் முக்கியம். செத்த கிருமியின் மரபுப்பொருள் சில காலம் தங்குவதால், கிளமிடியாவுக்கு மூலக்கூறுச் சோதனையை நான்கு வாரங்களுக்கு முன் செய்தால் பொய்யான தோல்வி தென்படும்.

செடியின் அடையாளம் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த சீன மூலிகை மாத்திரைகளில் ஸ்டெஃபானியா என்ற செடிக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா இனம் கலந்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகங்கள் பழுதாயின. 1993-இல் அது வெளியானது. சோதனைக்கு எடுத்த செடியின் உலர்மாதிரியைத் தாவரக் காப்பகத்தில் வைப்பது, ஒவ்வொரு தொகுதியிலும் குறிப்பிட்ட சில பொருட்களின் அளவைச் சோதிப்பது, பாதரசம், ஈயம், ஆர்செனிக் இல்லை என்று உறுதி செய்வது ஆகியவை எந்த வழியை எடுத்தாலும் தவிர்க்க முடியாதவை. அறிவைத் தந்தவர்களுக்கு உரிய பங்கும் அப்படியே. சமோவாத் தீவின் மருத்துவச்சிகள் காட்டிய மரத்திலிருந்து பெற்ற, எச்.ஐ.வி.க்கு எதிராக ஆராயப்பட்ட புரோஸ்ட்ராட்டின் என்ற பொருள் குறித்து, வருவாயைச் சமமாகப் பகிர்வதென்று கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் சமோவா அரசோடு 2004-இல் ஒப்பந்தம் செய்தது. மரபு வளங்களின் பயனைப் பகிர்வதற்காக 2014-இல் நடைமுறைக்கு வந்த நகோயா உடன்படிக்கைக்குப் பத்து ஆண்டுகள் முன்பே.

பணமும் காலமும் அளவாக உள்ள ஒரு குழு என்னிடம் வழி கேட்டால், முதல் ஆண்டை வைத்தியரோடு சேர்ந்து பதிவு செய்வதில் செலவிடுங்கள் என்பேன். அந்தப் பதிவில் மருவுக்குத் தடவும் செடி ஒன்று கிடைத்தால், வெறும் களிம்புப் பிரிவோடு கூடிய மனிதச் சோதனைக்கு அதைத் தயார்படுத்தலாம். ஒழுக்குக்குக் கொடுக்கும் செடி கிடைத்தால், டிரைக்கோமோனாஸ், கொனோரியா இரண்டின் மீதும் ஆய்வகத்தில் மட்டும் பாருங்கள். நூறு மைக்ரோகிராமுக்குக் கீழே செயல்படாத சாற்றை அங்கேயே நிறுத்திவிடுங்கள், எத்தனை ஆண்டுப் புகழ் அதற்கு இருந்தாலும். அந்த எல்லைக்குள் செயல்பட்டதைப் பகுத்து, செயல்படும் பொருளைப் பிரித்தெடுக்கும் வேதியியலாளரிடம் கொடுங்கள். மனிதச் சோதனை வரை ஒன்று வந்து சேர்ந்தால், ஒப்புதல் படிவத்தின் முதல் வரியில், செடியின் பெருமைக்கும் ஆய்வின் நோக்கத்துக்கும் முன்பாக, இந்த நோய்க்கு இன்று கிடைக்கும் சிகிச்சை எது, அது எத்தனை பேரைக் குணப்படுத்துகிறது, அது இந்த அறையிலேயே உங்களுக்குக் கிடைக்கும் என்பது நோயாளி பேசும் மொழியில் எழுதப்பட்டிருக்கட்டும்.